மெட்ராஸ் ஐ என்று நினைத்த ஐந்து நாட்கள்: கருவிழி மாற்றிய கண்ணில் நிராகரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டங்கள் அதிகம் உள்ள பகுதியில் நான் பணிபுரியும் சிறிய கண் மருத்துவமனையில் நடந்தது இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கண் மருத்துவர்களுக்கும், கண் பரிசோதகர்களுக்கும், மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கும், கருவிழி மாற்றிக்கொண்டவர்களின் வீட்டாருக்கும் இது பயன்படக்கூடும். இதில் நடந்த தாமதத்தில் ஒரு பங்கு எங்களுடையது. அதையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 42 வயது ஆண். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஊறும். அந்த இருட்டில் மரத்தில் முகம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பட்டையைச் சீவும்போது ஒரு சின்னப் பட்டைத் துணுக்கு வலது கண்ணில் விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு நாள் கழித்து உறுத்தல் அதிகமானதும் நந்தியாவட்டைப் பூவின் சாறு விட்டார்கள். எங்களிடம் வந்தது ஆறாம் நாள்.

கருவிழியில் புண் இருந்தது. சுரண்டி எடுத்த மாதிரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. மரம், மண், வைக்கோல் பட்ட காயத்தில் பூஞ்சைப் புண் வருவது நம் ஊர்ப்பக்கம் புதிதில்லை. 5 சதவீத நாட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கு ஒருமுறை என்று தொடங்கினோம். புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. ஆறிய இடம் முழுக்க வெள்ளைத் தழும்பு. கீழ்ப்பக்கத்திலிருந்து ரத்தக் குழாய்களும் தழும்புக்குள் வளர்ந்துவிட்டன. முகத்துக்கு முன்னால் கை அசைவது தெரியும், அவ்வளவுதான் பார்வை.

ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, கண் முழுமையாக அமைதியான பிறகு, பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் முழுத்தடிமன் கருவிழி மாற்று அறுவை செய்தார்கள். 16 தனித்தனித் தையல்கள். முடியைவிட மெல்லிய 10-0 நைலான் நூல். ரத்தக் குழாய் வளர்ந்த கண்ணில் ஒரே நூலைத் தொடராக ஓட்டாமல் தனித்தனியாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தையல் தளர்ந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம். பின்னால் இது எங்களுக்கு மிகவும் உதவியது.

அறுவைக்குப் பின் ஆறாம் மாதம் கண்ணாடியோடு அவர் பார்வை 6/18, அதாவது இயல்பான கண் 18 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டரில் படிப்பார். கருவிழியின் உட்புறத்தில் இருந்து அதை வீங்காமல் தெளிவாக வைத்திருக்கும் எண்டோதீலியச் செல்களின் எண்ணிக்கை சதுர மில்லிமீட்டருக்கு 1,900. கண் அழுத்தம் 14, இயல்பான அளவு. அறுவைக்கு முன் பார்த்த ரத்தச் சர்க்கரை எல்லையோரத்தில் இருந்ததாகக் குறிப்பில் இருக்கிறது. பிரெட்னிசோலோன் அசிடேட் 1 சதவீதம் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்ற அளவில் தொடரச் சொல்லியிருந்தார்கள். இடைக்காலப் பரிசோதனைகள் எங்களிடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுவை நடந்த இடத்தில் என்று ஏற்பாடு.

ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது நாங்கள் கேட்கவும் இல்லை.

ஐந்து நாட்கள்

பத்தாம் மாதம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். சுற்று வட்டாரத்தில் மெட்ராஸ் ஐ பரவியிருந்தது. அவர் வீட்டில் மகளுக்கு வந்து, பிறகு மனைவிக்கும் வந்தது.

முதல் நாள் அவருடைய வலது கண் சிவந்தது. வீட்டில் எல்லோருக்கும் வந்ததுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மனைவி எங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "வீட்டுல எல்லாருக்கும் கண்ணுதீனம், அவருக்கும் வந்திருக்கு, கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வரவேற்பில் இருந்த பெண், "மெட்ராஸ் ஐ என்றால் வர வேண்டாம், மற்றவர்களுக்குப் பரவும், மூன்று நாள் வீட்டிலேயே இருங்கள்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் மேல் குறை இல்லை. காத்திருப்போர் அறையில் தொற்று பரவக் கூடாது என்று அந்த வாரம் அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். "இதற்கு முன் கண்ணில் அறுவை செய்திருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து வாங்கினார்கள். அவர் வழக்கமாக விடும் சொட்டு மருந்தைப் பார்த்த தெரிந்தவர் ஒருவர், "இது ஸ்டீராய்டு, கண்ணு சிவந்திருக்கும்போது விடக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். சாதாரணக் கண் என்றால் அது சரியான எச்சரிக்கைதான். மாற்றுக் கருவிழி உள்ள கண்ணில், உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கும் நிராகரிப்பைத் தடுத்து வைத்திருக்கும் முக்கிய மருந்து அதுதான். அன்றோடு நிறுத்திவிட்டார்.

நான்காம் நாள் மகளுக்கும் மனைவிக்கும் குறையத் தொடங்கியது. அவருக்குக் குறையவில்லை. முதலில் சந்தேகப்பட்டது மனைவிதான். "எங்களுக்கெல்லாம் பீளை கட்டி, காலையில கண்ணு ஒட்டிக்கிடந்தது. இவருக்குப் பீளையே இல்ல. ராத்திரி லைட்டப் போட்டாலே முகத்தத் திருப்பிக்கிடுதாரு" என்றார். எங்கள் படிப்பெல்லாம் சொல்லும் வித்தியாசத்தை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் மதியம், யாரிடமும் கேட்காமல் கணவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பரிசோதனையில் கண்டது

வலது கண்ணில் பார்வை இரண்டு மீட்டரில் விரல் எண்ணும் அளவு. ஆறாம் மாதம் 6/18 இருந்த கண் இது.

சிவப்பு இமையின் உட்பக்கத்தில் அவ்வளவாக இல்லை. கருவிழியைச் சுற்றி வளையமாக இருந்தது. பீளை இல்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசி நீர் வழிந்தது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தபோது மாற்றுக் கருவிழியின் கீழ்ப்பாதி வீங்கி, ஆவி படிந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. மேல்பாதி தெளிவு. இரண்டுக்கும் நடுவே உட்புறத்தில் வெள்ளணுக்கள் வரிசையாக ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தன. கோடடூஸ்ட் கோடு என்பார்கள். நோயாளியின் எதிர்ப்பு அணுக்கள் மாற்றுக் கருவிழியின் எண்டோதீலியச் செல்களை அழித்துக்கொண்டே முன்னேறுகிற எல்லை அது. கோட்டுக்குக் கீழே போனது போனதுதான், அந்தச் செல்கள் மறுபடி வளராது. மேலே இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். நடுப்பகுதியின் தடிமன் 680 மைக்ரான். முன்னறையிலும் அழற்சிச் செல்கள் இருந்தன.

கடிகார முள்ளின் ஏழு மணி இடத்தில் ஒரு தையல் தளர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சளி ஒட்டியிருந்தது. பழைய ரத்தக் குழாய் ஒன்று அந்தத் தையல் வரைக்கும் வந்திருந்தது. தையலின் அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு மங்கலான வெண்புள்ளி.

அந்த வெண்புள்ளிதான் எனக்குக் கவலை தந்தது. நிராகரிப்பு மட்டும் என்றால் செய்ய வேண்டியது தெளிவு, ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். புள்ளி தொற்றாக இருந்தால், அதுவும் ஏற்கெனவே பூஞ்சை வந்த கண்ணில் பூஞ்சையாக இருந்தால், அதே ஸ்டீராய்டு சில நாட்களில் கண்ணையே அழித்துவிடும்.

மாற்றுக் கருவிழிக்கு மற்ற உறுப்புகளைப் போல நிராகரிப்பு அதிகம் வராது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் உடலின் காவல் அணுக்கள் எளிதில் எட்டிப் பார்ப்பதில்லை. 1905-ல் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று நடந்தபோது திசுப் பொருத்தம் என்ற பேச்சே இல்லை. இன்றும் பெரும்பாலும் அது பார்க்காமல்தான் செய்கிறோம். ஆனால் இவர் கண்ணில் பூஞ்சைப் புண்ணோடு வளர்ந்த குழாய்கள் அந்தச் சலுகையை ஏற்கெனவே பறித்திருந்தன. தளர்ந்த தையல் இன்னொரு குழாயையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதலில் 5 சதவீத போவிடோன் அயோடின் கிருமிநாசினி விட்டு, மரத்துப்போகும் சொட்டு மருந்து போட்டு, தளர்ந்த தையலை எடுத்தேன். வெளியே நீட்டியிருந்த அழுக்கான பகுதி உள்ளே இழுபடாதபடி வெட்டி உருவ வேண்டும். ஃபுளோரசின் சாயம் விட்டுப் பார்த்ததில் கசிவு இல்லை. தையல் இருந்த இடம் தவிர மேல்தோல் எங்கும் உரிந்திருக்கவில்லை. வெண்புள்ளியிலிருந்து சுரண்டி எடுத்ததை அங்கேயே கிராம் சாயத்திலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலும் பார்த்தோம். பாக்டீரியாவோ பூஞ்சை இழையோ தெரியவில்லை. கிருமி ஏதும் வளர்கிறதா என்று பார்க்கத் தையலையும் மாதிரியையும் கல்ச்சருக்கு அனுப்பினோம்.

பாக்டீரியா கல்ச்சர் முடிவுக்குக் குறைந்தது இரண்டு நாள். பூஞ்சைக்கு ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருக்க நேரலாம். அதுவரை அந்தக் கோடு மேலே ஏறாமல் நிற்காது. அறுவை செய்த மருத்துவரைப் போனில் பிடித்து, ஸ்லிட் லாம்ப் வழியாக எடுத்த படங்களை அனுப்பிப் பேசினோம். இப்படி முடிவு செய்தோம்:

பிரெட்னிசோலோன் சொட்டு மருந்து விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு இரவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாதுகாப்புக்கு மாக்சிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம். கண்மணியைத் தளர்த்த ஹோமாட்ரோபின். தொடர்ந்து மூன்று நாள், தினமும் ஸ்லிட் லாம்ப்பில் பார்ப்பது. வெண்புள்ளி சற்றே பெரிதானாலும் ஸ்டீராய்டை நிறுத்தி மறுபடி சுரண்டிப் பார்ப்பது.

கண்ணுக்கடியில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்ற யோசனையை விட்டுவிட்டோம். சொட்டு மருந்தை ஒரே நிமிடத்தில் நிறுத்திவிடலாம், ஊசியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நரம்பு வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மில்லிகிராம் ஒரு தவணை கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு முன் சர்க்கரை பார்த்ததில் 268. எல்லையோரத்தில் இருந்தவர் இப்போது நிச்சயமாக நீரிழிவு நோயாளி. தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் தீரவில்லை. அதையும் தவிர்த்தோம். மறுநாளே பொது மருத்துவரிடம் அனுப்பினோம், அங்கே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கினார்கள்.

அவர் தன் சொட்டு மருந்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "எப்படி விடுவீங்க, ஒருதடவை செய்து காட்டுங்க" என்று கேட்டேன். பத்து மாதத்தில் அதைக் கேட்டது அன்றுதான் முதல்முறை. பாட்டிலைக் குலுக்காமலே திறந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது இமைமுடியில். பிரெட்னிசோலோன் அசிடேட் என்பது நீரில் கரைந்த மருந்து இல்லை, மிதக்கும் துகள். அசையாமல் வைத்தால் மருந்து அடியில் படிந்துவிடும், மேலே வருவது தண்ணீர்தான். அவர் பாட்டிலின் அடியில் வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. தோட்டத்துக்குப் போகும்போது மறக்காமல் இருக்க பைக்கின் பெட்டிக்குள் வைத்திருப்பாராம், வெயிலில். ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தார் என்று நாங்கள் குறிப்பில் எழுதி வந்த அந்தப் பத்து மாதத்தில் கண்ணுக்குள் எவ்வளவு மருந்து போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று மனைவியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். நன்றாகக் குலுக்க வேண்டும். அவரைப் படுக்க வைத்துக் கீழிமையை இழுத்து ஒரு சொட்டு. அப்புறம் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. மனைவியும் சரியாகத் திருப்பிச் செய்து காட்டினார்.

அடுத்த பத்து நாட்கள்

மழையில் தினமும் பஸ் ஏறி வருவது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. மழை நாளில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் மூன்று நாளும் வந்தார்கள்.

இரண்டாம் நாள் வெண்புள்ளி அதே அளவு. மூன்றாம் நாள் சற்று மங்கியிருந்தது. அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. கோடு மேலே ஏறவில்லை. ஐந்தாம் நாள் கோட்டில் அணுக்கள் சிதறத் தொடங்கின. பாக்டீரியா கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, பின்னால் பூஞ்சைக் கல்ச்சரிலும் வளரவில்லை. பத்தாம் நாள் வீக்கம் பெரிதும் வடிந்து பார்வை 6/36-க்கு வந்தது. ஸ்டீராய்டைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம்.

நான்காம் வாரம்: கண் அழுத்தம்

நான்காம் வாரம் கண் அழுத்தம் 34. எதிர்பார்த்ததுதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் சிலருக்கு இப்படி அழுத்தம் ஏறும், அவர்களுக்கு எதுவும் வலிக்காது, தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அளக்கிறோம். மாற்றுக் கருவிழியில் மேற்பரப்பு ஒழுங்காக இராது என்பதால் இருமுறை அளந்து உறுதி செய்தோம்.

எந்த மருந்து கொடுப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. வழக்கமாகக் கைபோகும் டிமோலால் இவருக்கு ஆகாது. மழைக்காலத்தில் மூச்சு இளைப்பு உண்டு என்று கேட்டபிறகுதான் சொன்னார். பிராஸ்டாகிளாண்டின் வகை அழற்சியைத் தூண்டக்கூடும், நிராகரிப்பு இப்போதுதான் அடங்கியிருக்கும் கண்ணில் அது வேண்டாம். டார்சோலமைட் சொட்டு மருந்து, ஏற்கெனவே எண்டோதீலியம் தளர்ந்திருக்கும் கருவிழியை மேலும் வீங்க வைக்கலாம். மிஞ்சியது பிரிமோனிடின் 0.2 சதவீதம். ஒரு வாரத்தில் 27-க்கு இறங்கியது, போதவில்லை. சல்ஃபா ஒவ்வாமை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அசிட்டசோலமைட் மாத்திரை ஐந்து நாள் மட்டும் கொடுத்தோம்.

ஸ்டீராய்டை அப்படியே நிறுத்திவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும், நிராகரிப்பு திரும்பி வந்துவிடும். அதனால் அறுவை மருத்துவரோடு பேசி, ஏழாம் வாரம் அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றாத லோட்டிபிரெட்னால் 0.5 சதவீதத்துக்கு மாற்றினோம். மூன்று வாரத்தில் அழுத்தம் 17.

ஓராண்டு முடிவில்

நிராகரிப்பு வந்து ஓராண்டு கழித்து: கருவிழி தெளிவு, தடிமன் 570 மைக்ரான், கண்ணாடியோடு பார்வை 6/24. முன்பிருந்த 6/18 திரும்பவில்லை. செல் எண்ணிக்கை 1,900-லிருந்து 1,150 ஆகக் குறைந்துவிட்டது. அந்தக் கருவிழியைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு வீட்டில், இழப்பு நடந்து ஆறு மணி நேரத்துக்குள், அழுகைக்கு நடுவே யாரோ ஒருவர் சரி என்று சொன்னதால் வந்தது அது. அதில் சதுர மில்லிமீட்டருக்கு 750 செல்லை நாங்கள் ஒரு போன் பதிலிலும், குலுக்காத ஒரு பாட்டிலிலும் இழந்தோம் என்றுதான் நான் அந்தச் செல் எண்ணிக்கை அறிக்கையைப் படித்தேன்.

எங்களிடம் மாற்றியவை

ஒன்பதாம் மாதம் ஏன் வரவில்லை என்று பிறகு கேட்டேன். வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஷீட் அடிக்கக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். எங்கள் டோக்கன் காலையில் எட்டு மணிக்கு. வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், மழைக்கு முன் வெட்டு கிடைக்கும் நாட்களில் அதை விட மனமில்லை. வந்திருந்தால் அந்தத் தையல் தளரத் தொடங்கியதை அன்றே பார்த்து எடுத்திருப்போம். இப்போது கருவிழி மாற்றியவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்குமேல் டோக்கன் இல்லாமல் பார்க்கிறோம். வரவில்லை என்றால் மறுநாள் போன் செய்கிறோம்.

போன் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" ஆம் என்றால், ஊரில் எந்த நோய் பரவியிருந்தாலும் அன்றே வரச் சொல்ல வேண்டும். தொற்றுப் பயத்துக்குத் தனி நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

நோயாளியின் கையில் ஒரு சின்ன அட்டை கொடுக்கிறோம். சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல், வலி – நான்கில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும், மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருக்கும். மருந்துக்கடையிலும் அதைக் காட்டச் சொல்கிறோம். தினமும் காலையில் மருந்து விட்டபின் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, சுவரிலுள்ள தினசரிக் காலண்டரின் தேதியை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நேற்றைவிட மங்கினால் போன் செய்ய வேண்டும். இது அவர் மனைவி தொடங்கிய பழக்கம், நாங்கள் மற்றவர்களுக்கும் சொல்கிறோம்.

ஒவ்வொரு வருகையிலும் சொட்டு மருந்தை எங்கள் முன் விடச் சொல்கிறோம். இரண்டு நிமிட வேலை. சர்க்கரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம்.

வெட்டும்போது பாலிகார்பனேட் கண்ணாடி போடச் சொன்னோம். மாற்றுக் கருவிழியின் தழும்பு பழைய பலத்துக்கு ஒருநாளும் வராது, ஓர் அடி பட்டால் தையல் கோட்டில் பிளந்துவிடலாம். விடிகாலை ஈரத்தில் கண்ணாடி ஆவி படிகிறது என்று முதல் வாரமே கழற்றிவிட்டார். பக்கங்களில் காற்றுப் போகும் வகை வாங்கிக் கொடுத்தபின் போடுகிறார். பால் உறைய வைக்கும் ஆசிட் கலக்கும் வேலையை மட்டும் இன்னொருவருக்கு விட்டுவிட்டார்.

இன்னும் தீராதது

நீண்டநாள் ஸ்டீராய்டால் அந்தக் கண்ணில் கண்புரை தொடங்கியிருக்கிறது. லென்ஸின் பின்பக்கத்தில், எதிர்வெயிலில் கூசும் இடத்தில். எடுத்தால் பார்வை கூடும். எடுக்கும்போது இருக்கிற 1,150-ல் மேலும் கொஞ்சம் செல் போகும். தையல்கள் எல்லாம் எடுத்து, குறைந்தது ஓராண்டு நிராகரிப்பு எதுவும் இல்லாமல் போனபின் பார்க்கலாம் என்று அறுவை மருத்துவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மீதித் தையல்களைத் தளர்கிற வரிசையில் எடுத்து வருகிறோம். இன்னும் ஐந்து இருக்கின்றன.